நெறி கட்டியிருக்கிறதா? முதலில் கையைக் கட்டுங்கள்

தலைப்பைப் பார்த்ததும் உங்கள் கை தாடைக்குக் கீழே போயிருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். போகாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களும் படிக்கலாம், வீட்டில் யாராவது ஒருவர் என்னைப் போல இருக்கக்கூடும்.

நான் எந்த ரகம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலை வலித்தால் மற்றவர்கள் காபி குடிப்பார்கள், நான் மூளையில் கட்டி வந்தவர்களின் கதைகளைத் தேடிப் படிப்பேன். வயிறு உப்பினால் முந்தின நாள் கல்யாண வீட்டில் போட்ட போடு ஞாபகத்துக்கு வராது, பெரிய வியாதியின் பெயர்தான் வரும். போன வருடம் சளி பிடித்துத் தொண்டை கட்டி, எல்லாம் சரியாகிப்போன சமயம். முகம் கழுவும்போது வலது தாடைக்குக் கீழே உருண்டையாக ஒன்று விரலில் தட்டியது. அம்மாவிடம் காட்டினேன். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நெறி கட்டியிருக்கு கண்ணு. சளி பிடிச்சா நெறி கட்டத்தான் செய்யும். மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுப் பூசு, அமுங்கிரும்."

சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். அவருக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. எனக்கு முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பெரியப்பா புகையிலை போடுவார். வாயில் வந்த புண்ணை அவரும் கண்டுகொள்ளவில்லை, வீட்டிலும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கழுத்தில் கட்டி தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எங்கள் குடும்பத்துக்குள் புற்றுநோய் என்ற சொல் கழுத்து வழியாகத்தான் நுழைந்தது. அதன் பிறகு கழுத்தில் எது தட்டினாலும் எனக்குப் பெரியப்பாவின் முகம் வந்து நிற்கும்.

அம்மிச்சி எங்கே பார்ப்பார்?

நெறி என்று நாம் சொல்வது நிணநீர்க் கணுவைத்தான். உடம்பில் சுமார் 600 கணுக்கள் இருக்கின்றன, அதில் கணிசமான பங்கு கழுத்தில். காயம் வழியாகவோ தொண்டை வழியாகவோ கிருமி நுழைந்தால், அந்த வட்டாரத்துக் கணுவில் வெள்ளை அணுக்கள் கூடிப் பெருகுகின்றன. அதனால் கணு வீங்குகிறது, தொட்டால் வலிக்கிறது. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எந்தக் கணு எந்த வட்டாரத்துக்குக் காவல் என்பது நம் பாட்டிமார்களுக்கு அத்துப்படி. சின்ன வயதில் தொடையிடுக்கில் நெறி கட்டி நான் நொண்டிக்கொண்டு வந்தால், அம்மாவைப் பெற்ற அம்மிச்சி தொடையை ஏறிட்டும் பார்க்க மாட்டார். "காலக் காட்டு சாமி" என்பார். குதிகாலில் வேலமுள் முனை ஒடிந்து உள்ளே சீழ் வைத்திருக்கும். ஊசியை விளக்குச் சுடரில் காட்டி, முள்ளை நெம்பி எடுத்து, மஞ்சள் வைத்துவிடுவார். கொஞ்ச நாளில் நெறி தானாக வாடிவிடும்.

அதே கணக்கு மற்ற இடங்களுக்கும் பொருந்தும். பிடரியில் நெறி கட்டினால் தலையில் பேன், பொடுகு, புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பேன்தான் காரணமாக இருக்கும். தாடைக்குக் கீழே என்றால் சொத்தைப் பல், ஈறு, தொண்டை. அக்குளில் என்றால் கையில் பட்ட காயம், முடி மழித்த கீறல், சில சமயம் தடுப்பூசி. 2021-ல் கொரோனா தடுப்பூசி போட்ட பலருக்கு ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டியது. மார்பகப் பரிசோதனையில் அது குழப்பும் என்பதால், அவசரமில்லாதவர்கள் சில வாரம் தள்ளி வரலாம் என்று அப்போது டாக்டர்களே சொன்னார்கள். பிறந்ததும் இடது தோளில் போடும் பி.சி.ஜி. ஊசிக்கும் சில குழந்தைகளுக்கு இடது அக்குளில் நெறி கட்டும்.

இன்னொன்று. ஒல்லியான கழுத்தில் சாதாரணக் கணுவே விரலுக்குத் தட்டும். 1 செ.மீ. வரை பெரும்பாலும் இயல்பு என்பார்கள், தொடையிடுக்கில் 1.5 செ.மீ. வரைகூடப் போகும். ஒரு காய்ச்சலில் வீங்கிய கணு முழுதாகச் சுருங்காமல் பயறு அளவில் வருடக்கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே "முற்றிலும் மறைந்தால்தான் நிம்மதி" என்று உட்கார்ந்தால் காலம் பூராவும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விரல் படுத்தும் பாடு

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது என் விரல்தான் என்னை ஆண்டுகொண்டிருந்தது. தாடை எலும்பின் கீழ் விளிம்பில் இரண்டு விரலை வைத்து உள்பக்கமாக வளைத்தால், வழுக்கிக்கொண்டு அது நகரும். தலையை அந்தப் பக்கமே கொஞ்சம் சாய்த்தால் தசை தளர்ந்து இன்னும் தெளிவாகக் கிடைக்கும். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினால் எல்லாமே ஒரு சுற்றுப் பெரிதானது போல இருக்கும். இந்த வித்தையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பயமே வாத்தியார். குளியலறைக் கண்ணாடி முன்னால், ஸ்கூட்டியைச் சிக்னலில் நிறுத்தும்போது, ஆபீசில் கம்ப்யூட்டர் திறந்து வரும் இடைவெளியில் என்று பாடம் நடந்துகொண்டே இருந்தது.

தேடுகிற விரலுக்குக் கழுத்தில் பஞ்சமே இல்லை. இரண்டு பக்கமும் தாடைக்கு அடியில் மெத்தென்று ஒரு புடைப்பு கிடைத்தது. அது உமிழ்நீர்ச் சுரப்பியாம். குரல்வளைக்கு மேலே கொம்பு மாதிரி கெட்டியாக ஒன்று, அது நாவடி எலும்பின் முனை. காது மடலுக்குக் கீழே ஆழத்தில் அசையாத ஒரு கெட்டி, அது முதல் கழுத்தெலும்பின் ஓரம். பக்கவாட்டில் துடிக்கும் உருண்டை கழுத்துத் தமனி. எல்லாரும் பிறந்ததிலிருந்து என்னோடுதான் குடியிருக்கிறார்கள், அறிமுகம்தான் இப்போது கிடைத்தது.

இந்தச் சோதனையில் ஒரு கோளாறு உண்டு. பிள்ளை தூங்கிவிட்டதா என்று தட்டித் தட்டிப் பார்த்தால் எந்தப் பிள்ளை தூங்கும்? ஓயாமல் அமுக்கினால் கணுவும் சுற்றியுள்ள சதையும் நோகும். நொந்தால் "நேற்றைவிட இன்று வலி அதிகம்" என்று தோன்றும். அதை உறுதி செய்ய மறுபடி அமுக்கத் தோன்றும். பயத்துக்கென்று தனியாகவும் சில அறிகுறிகள் இருக்கின்றன. தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும், சாப்பாடு இறங்காது, சாப்பிடாததால் எடை குறையும். எடை குறைந்தது என்றால் கேட்கவே வேண்டாம்.

இரவானால் போன். சாதாரண அறிகுறியைத் தேடப் போகிறவர்கள் எப்படிப் பயங்கர வியாதிகளின் பக்கங்களுக்குப் போய்ச் சேருகிறார்கள் என்று ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2009-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். சளியால் நெறி கட்டி, சளி போனதும் அமுங்கியவர் அதைப் பற்றி எங்கேயும் எழுதி வைக்க மாட்டார். பெரிய வியாதி வந்தவர் எழுதுவார், அதைப் பற்றி டாக்டர்களும் எழுதுவார்கள். ஊரில் எது அதிகம் என்பதற்கும் இணையத்தில் எது அதிகம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

நெதர்லாந்தில் 1988-ல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் தெரியாத நெறிக்கட்டுடன் குடும்ப டாக்டரிடம் வந்தவர்களில் புற்றுநோயாக முடிந்தது சுமார் 1 சதவீதம். 40 வயதுக்கு மேல் 4 சதவீதம், அதற்குக் கீழே 0.4. இதைப் படித்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ "அந்த ஒன்று நானாக இருந்தால்?" என்ற கேள்விதான். என் மாதிரி ஆட்களிடம் புள்ளிவிவரம் செல்லாது.

டாக்டர் பார்த்த பல்

காது மூக்கு தொண்டை டாக்டர், வயதானவர். கழுத்தை இரண்டு கையாலும் மெதுவாகத் தடவிப் பார்த்தார். என் விரலுக்கு இருந்த அவசரம் அவர் விரலுக்கு இல்லை. பிறகு டார்ச்சை எடுத்து, "வாயத் தொறம்மா" என்றார். வலது கடைசியில் ஞானப்பல் பாதி முளைத்து, மேலே ஈறு மூடிச் சிவந்து கிடந்தது.

"இந்தப் பல்லு எத்தன நாளா இப்படி இருக்கு?"

"அது அப்பப்ப வலிக்கும் டாக்டர். நான் கழுத்துக்காக வந்தேன்."

"கழுத்துக்காகத்தாம்மா நானும் கேக்கறேன்."

அம்மிச்சி காலைப் பார்த்தார், இவர் பல்லைப் பார்த்தார். பல் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, "4 வாரம் கழிச்சு வா. அதுவரைக்கும் நீ தொடாத, அது என் வேல" என்றார். நான் விடாமல் கேட்டதால் ஸ்கேனுக்கும் எழுதினார்.

ஸ்கேன் அறை இருட்டு, கழுத்தில் ஜில்லென்று ஜெல். கருவியை நகர்த்திக்கொண்டிருந்த பெண்மணி ஒரு இடத்தில் நிறுத்தி, கட்டத்தை இழுத்து அளந்து, "கிளிக்" என்று ஒரு படம் எடுத்தார். நகர்த்தினார். மறுபடி அதே இடத்துக்கு வந்தார். அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் அசையவில்லை என்பதும் பயமாகத்தான் இருந்தது. ரிப்போர்ட்டில் நீள்வட்ட வடிவம், நடுவில் கொழுப்புப் பகுதி அப்படியே இருக்கிறது, ரியாக்டிவ் என்று எழுதியிருந்தது. மூன்றும் நல்ல செய்திகள். தொற்றுக்கு எதிர்வினையாக வீங்கியது என்று அர்த்தம்.

அந்த நிம்மதி காந்திபுரம் சிக்னல் வரை வந்தது. சிவப்பு விழுந்ததும் ஒரு யோசனை: "இடது பக்கம் அவ்வளவு நேரம் பார்த்த மாதிரி தெரியலையே?"

பயப்பட வேண்டிய இடம் எது?

"எல்லாம் மனப்பிராந்தி" என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். டாக்டரிடம் கட்டாயம் போக வேண்டிய நெறிக்கட்டுகள் உண்டு. கல் மாதிரி கெட்டியாக, அடியோடு ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது. வலியே இல்லாமல் வளர்ந்துகொண்டே போவது. 4 முதல் 6 வாரமாகியும் குறையாதது. கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே பள்ளத்தில் வருவது, அங்கே சின்னதாக இருந்தாலும் காட்ட வேண்டும். விடாத காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் துணி நனையும் அளவு வியர்ப்பது (கரண்ட் போன மே மாத ராத்திரி இந்தக் கணக்கில் வராது). புகையிலை போடுபவருக்கு வாயில் ஆறாத புண்ணும் கழுத்தில் கட்டியும் இருந்தால் நாள் பார்க்கவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அது கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கி, நிணநீர்ப் புற்று இருந்தால் கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கும். சுண்ணாம்பும் வேண்டாம், தோல் வெந்துபோகும். அம்மா மன்னிக்க.

நம் ஊரில் இன்னொரு முக்கியக் காரணம் காசநோய். கழுத்தில் வரும் காசநோயைப் பழைய வைத்தியத்தில் கண்டமாலை என்பார்கள். வலி அதிகம் இருக்காது, கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக நிற்கும், சில சமயம் உடைந்து சீழ் வரும். ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். அரசு ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம், வழக்கமாக 6 மாதம். நுரையீரலில் இல்லாமல் கழுத்தில் மட்டும் இருந்தால் பொதுவாக மற்றவருக்குத் தொற்றாது. சிகிச்சையின் நடுவில் கணு சற்றுப் பெரிதாவதும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம் என்று இதை மறைக்கிற வீடுகள் இருக்கின்றன. நான் பயத்தில் ஓடி ஓடிப் போய்க் காட்டுகிற ரகம், அவர்கள் பயத்தில் காட்டாமலே இருக்கிற ரகம். ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம்.

இந்தக் கண்டமாலைக்கு இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ராஜா கைபட்டால் குணமாகும் என்று நம்பினார்கள். இரண்டாம் சார்லஸ் தன் ஆட்சியில் 90,000 பேருக்கு மேல் தொட்டாராம். 1712-ல், பின்னாளில் அகராதி எழுதிப் பேர் வாங்கிய சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக இருக்கும்போது அவர் அம்மா ஆன் ராணியிடம் தூக்கிக்கொண்டு போனார். ராணி தொட்டார். ஜான்சனின் தழும்பு கடைசிவரை போகவில்லை. தொட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் நான் மட்டும் என்ன குறைச்சல்? ராணி ஒருமுறை தொட்டதோடு விட்டார், நான் நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் இல்ல" என்ற மருந்து

என் வீட்டுக்காரரிடம் கேட்பேன். "ஏங்க, இங்க தொட்டுப் பாருங்களேன், பெருசாயிருக்கா?" அவர் தொடுவார். "ஒண்ணும் இல்ல, அப்படியேதான் இருக்கு." மனசு லேசாகும். கொஞ்ச நேரம் கழித்து, அவர் ஒழுங்காகத் தொட்டாரா என்று தோன்றும். அம்மாவிடம் போவேன்.

பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1986-லேயே இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஆறுதல் கேட்பதுதான் இந்தப் பயத்துக்குத் தீனி. ஒவ்வொரு "ஒண்ணும் இல்ல"வும் சற்று நேரம் நிம்மதி தரும், கூடவே "கேட்டால்தான் நிம்மதி" என்ற பழக்கத்தையும் வளர்க்கும். தொட்டுப் பார்ப்பது, கூகுளில் தேடுவது, இன்னொரு டாக்டர், இன்னொரு ஸ்கேன் எல்லாமே ஒரே பழக்கத்தின் வேறு வேறு உருவங்கள். இப்படி வாழ்க்கையையே பிடித்து ஆட்டும் பயத்துக்கு மனநல மருத்துவத்தில் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் இந்தப் பயம் உள்ள 444 பேரை வைத்துப் பீட்டர் டைரர் குழு செய்த ஆய்வு 2014-ல் லான்செட் இதழில் வந்தது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை பெற்றவர்களுக்குப் பயம் கூடுதலாகக் குறைந்தது, அந்தப் பலன் நீடிக்கவும் செய்தது. மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு மாத்திரையும் உதவும்.

எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

ஒரே டாக்டர், ஒரே தேதி. 4 வாரம் என்றால் 4 வாரம். நடுவில் மேலே சொன்ன அபாய அறிகுறி வந்தால் மட்டும் முன்னாலேயே போகலாம். "நேத்தைக்கு விட இன்னைக்குக் கொஞ்சம்..." என்பதெல்லாம் அபாய அறிகுறி ஆகாது.

கையை உடனே நிறுத்த முடியாது, தள்ளிப்போட முடியும். கழுத்துக்குக் கை போகும்போது "10 நிமிஷம் கழிச்சு" என்று சொல்லிக்கொள்வேன். பயம் விறுவிறுவென்று ஏறும், நெஞ்சு படபடக்கும், நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் தானாக இறங்கும். ஒன்றும் செய்யாமலே இறங்குகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்ப்பது எத்தனை ரிப்போர்ட்டுக்கும் மேல். முதலில் 10 நிமிஷம், அப்புறம் சாயங்காலம் வரை, அப்புறம் டாக்டர் தேதி வரை.

போனில் தேட வேண்டும் என்று கை அரித்தால், கேள்வியை ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் கேட்கலாம் என்று வைத்தேன். தேதி வந்தபோது பாதிக் கேள்விகளைக் கேட்கவே வெட்கமாக இருந்தது. மீதியைக் கேட்டேன், பதில் சொன்னார். ஞானப்பல்லைப் பிடுங்கிய பிறகு நெறி சுருங்கியிருந்தது. முழுசாகப் போகவில்லை. "இது இப்படியே இருக்கலாம், இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

கடைசியாகக் கைவந்ததும் அதிகம் கஷ்டப்பட்டதும் இதுதான். நூற்றுக்கு நூறு நிச்சயம் என்பது ஸ்கேனிலும் கிடையாது, டாக்டரிடமும் கிடையாது. ஒரு துளி சந்தேகத்தை மிச்சம் வைத்துக்கொண்டே சமைக்கலாம், ஆபீஸ் போகலாம், சினிமா பார்க்கலாம். சந்தேகம் தீர்ந்த பிறகு வாழத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது.

தூக்கம் போய்விட்டது, வேலை ஓடவில்லை, எத்தனை டாக்டர் சொன்னாலும் மனசு ஏற்கவில்லை என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச டெலிமானஸ் சேவை அது, தமிழில் பேசுவார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "சும்மா பயப்படாதே" என்று திட்டுவதும் உதவாது, கேட்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்து "ஒண்ணும் இல்ல" என்பதும் உதவாது. இதைப் பற்றி நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டோம். நான் கேட்டால் அவர் பதில் சொல்லக்கூடாது. முதல் முறை எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரும் பாவம், சொல்லிவிடலாமா என்று தவித்தார். ஆனால் சொல்லவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

போன வாரம் மறுபடி சளி. நெறியும் கட்டியது.

"ஏங்க, இங்க கொஞ்சம்..."

"டாக்டர் தேதி குறிச்சாரா?"

"இல்ல, ஒரு மாசம் இருந்தாதான் வரச் சொல்லுவாரு."

"அப்ப அடுத்த மாசம் பேசிக்கலாம். இட்லிக்கு மாவு இருக்கா, வாங்கிட்டு வரணுமா?"

மாவு இல்லை. வாங்கிவரச் சொன்னேன்.